போர் ஆரம்பிச்சாச்சு

—நீ என்ன வேணா சொல்லு. நான் அனுப்பின மெசேஜ்ல ஒரு எழுத்துப் பிழை இருந்தா காட்டு, இந்த ஹால்ல இருக்கற நாற்காலி அத்தனையையும் நானே ஒத்தையா போடறேன்.

—எழுத்துப் பிழையே இல்ல லீடரம்மா. அதான் வினையே. ‘போர் ஆரம்பிச்சாச்சு. மைதானத்துப் பக்கம் யாரும் போகாதீங்க. எல்லாருக்கும் சொல்லுங்க.’ கல்வெட்டுல வெட்டி வைக்கலாம். பச்சப்புள்ளைக்கும் புரியும்.

—போர் போடற வண்டி வந்துச்சு. குழாய் இறக்க ஆரம்பிச்சாங்க. மைதானம் பூரா சேறு. அங்க நம்ம ஃபேர்வெல் வைக்க முடியாது. வகுப்புக்குச் சொல்ல வேண்டியது லீடர். சொன்னேன். இதுல என் தப்பு எங்க இருக்கு?

—எல்லையில ரெண்டு பக்கமும் பீரங்கியைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கான். டிவியைப் போட்டா சண்டை வருமா வராதான்னு ஒரே பஞ்சாயத்து. ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் பேப்பர் ஒட்டுங்கன்னு சொல்லியாச்சு. அந்த நேரம் பாத்து வகுப்பு குரூப்புல ‘போர் ஆரம்பிச்சாச்சு’ன்னு போட்டா, எவன் கிணறுன்னு நினைப்பான்?

—அடுத்த மெசேஜ்ல விளக்கமா எழுதியிருந்தேன்டா. தண்ணிக்காகப் போர் போடறாங்க, விழாவை ஹாலுக்கு மாத்தியாச்சுன்னு.

—அது எப்ப வந்துச்சு? சாயங்காலம்! நடுவுல ஊரே ஊருக்கு போன் பண்ணி டவர் படுத்துடுச்சு. யாரால படுத்துச்சு, சொல்லு பாப்போம்.

—அதுக்காக ஆழ்துளைக் கிணறுன்னா எழுதுவாங்க? உங்க வீட்டுல அப்படியா பேசுவீங்க? ‘அம்மா, பக்கத்துத் தெருவுல ஆழ்துளைக் கிணறு அமைக்கறாங்களாம்’னு? சொன்னா உங்கம்மா ஜுரமான்னு நெத்தியைத் தொட்டுப் பாப்பாங்க.

—அதுவும் சரிதான். சண்டை வந்தா குழாய்த் தண்ணி நின்னுடும்னு பயந்துதானே ஹெச்.எம். கிணறே தோண்டறாரு. போருக்காகத்தான் போர். நீ எழுதினது ஒரு வகையில ரெண்டுக்கும் பொருந்தும்.

—பாயின்ட்டுக்கு வா ஒட்டகம். அந்தக் கால் உடைஞ்ச நாற்காலியை முன் வரிசையில போடாத. விருந்தாளி உக்காந்து சரிஞ்சா விழாவே சிரிப்பாயிடும்.

—நேத்து ஆனதை விடவா? ‘ஜெராக்ஸ்’ இருக்கானே, நம்ம ஜெராக்ஸ். உன் மெசேஜைப் பாத்ததும் கணக்கு சாருக்கு போன் போட்டிருக்கான். ‘சார், நாளைக்கு நான் இருப்பேனோ இல்லையோ, மனசுல பாரத்தோட சாக விரும்பல. எட்டாவதுல இருந்து எல்லாப் பரீட்சையும் காப்பிதான் சார்’னு அழுதிருக்கான்.

—ஐயையோ. சார் என்ன சொன்னாராம்?

—‘தெரியும்டா. நீ யாரைப் பாத்து எழுதினியோ அவன் தப்பாத்தான் எழுதியிருந்தான்’னு சொல்லி வெச்சுட்டாராம்.

—சிரிக்க வைக்காதடா, கையில பேனர் இருக்கு. அந்தப் பக்கத்தைப் பிடி. இன்னும் மேல. உனக்கு எதுக்கு ஆண்டவன் அவ்வளவு நீளக் கழுத்து குடுத்தான்? இதுக்குத்தான்.

—கேளு, அதுக்கும் மேல ஒண்ணு. எங்க எதிர் வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருக்காங்கல்ல, மதில் சுவர் தகராறுல பேச்சுவார்த்தை இல்லாம? போர்னு கேட்டதும் அண்ணங்காரர் சுவரேறிக் குதிச்சு ஓடி வந்து தம்பியைக் கட்டிப் பிடிச்சுட்டார். ‘என்னடா பெரிய சுவரு, நீ இருந்தா போதும்டா’ன்னு. தெருவே கண்ணு கலங்கி நிக்குது.

—நல்லதுதானே நடந்திருக்கு!

—முழுசாக் கேளு. சாயங்காலம் உன் ரெண்டாவது மெசேஜ் வந்துச்சு. கிணறுன்னு தெரிஞ்சதும், ‘நீ எப்படிய்யா என் சுவரேறிக் குதிக்கலாம்’னு தம்பி ஆரம்பிச்சுட்டார். போர்னா சமாதானம், போர் இல்லைன்னா சண்டை. இது என்ன கூத்து சொல்லு.

—சரி, சிரிச்சது போதும். வேலையைப் பிரிச்சுக்கலாம். வரவேற்பு நான். சர்டிபிகேட் மேடைக்கு எடுத்துத் தர்றது ஜெராக்ஸ். மைக், ஸ்பீக்கர் எல்லாம் நீ. சாயங்காலம் சீக்கிரமே வந்துடு, போன தடவை மாதிரி மைக் கூவக் கூடாது.

—மைக்குக்கு வேற யாரையாவது போடேன்.

—வேற யாரைப் போட? உன்னைத் தவிர எவன் தொட்டாலும் அது காக்கா மாதிரி கத்தும்.

—இல்ல, சாயங்காலம் நான் இருக்க மாட்டேன்.

—ஃபேர்வெல்லுக்கே இருக்க மாட்டியா? கடைசி நாள்டா! உங்க மாமா வீட்டுக் கல்யாணம்னெல்லாம் கதை விடாத, காலை உடைச்சுடுவேன்.

—ரெண்டு மணிக்கு பஸ். பட்டாள பஸ்.

—என்ன பஸ்?

—பேர் குடுத்துட்டேன் லீடர். நேத்து. பஸ் ஸ்டாண்ட்ல ஆள் எடுக்கற முகாம் போட்டிருக்காங்கல்ல. உன் மெசேஜைப் பாத்தேன். ரத்தம் கொதிச்சுச்சு. நேரா போய் நின்னுட்டேன். உயரம் அளந்தவர் ஸ்டூல் போட்டு ஏறினார்.

—ஒட்டகம், விளையாடாத.

—சத்தியமா.

—என்... என் மெசேஜைப் பாத்தா?

—ஏய், பேனரை விட்டுட்ட. கீழ விழுந்துடுச்சு பாரு. விடு, உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நானே ஒரு மாங்கா மடையன். விசாரிக்காம ஓடினது என் புத்தி.

—ஒரு நிமிஷம் இரு. யோசிக்க விடு. சரி. ஒண்ணும் கெட்டுப் போகல. எங்க பெரியப்பா பையன் போன வாரம் பேர் குடுத்துட்டு பயந்துபோய் வாபஸ் வாங்கினான். பஸ் ஏறறதுக்கு முன்னாடி போய்ச் சொன்னா விட்டுடுவாங்க. நானும் வர்றேன். நான் பேசறேன். ‘சார், இது ஒரு வார்த்தையால வந்த குழப்பம், தப்பு என் மேல’ன்னு சொல்றேன். மெசேஜைக் காட்டறேன். கிளம்பு.

—வேண்டாம்.

—என்ன வேண்டாம்? ஹால் வேலை அப்புறம் பாத்துக்கலாம். செருப்பைப் போடு.

—குடுத்த பேரைத் திரும்ப வாங்கறது அசிங்கம் லீடர்.

—அசிங்கமா? ஜெராக்ஸ் கணக்கு சார்கிட்ட அழுததை விடவா? உனக்குக் கால்நடை டாக்டருக்கு சீட் கிடைச்சிருக்குடா! கிடைச்ச அன்னைக்கு ‘ஒட்டகமே கால்நடை டாக்டர் ஆகப்போகுது’ன்னு வகுப்பே சிரிச்சுச்சு, நீதான் எல்லாரையும் விட சத்தமா சிரிச்ச. அதை விட்டுட்டு ஒரு கிணத்துக்காகப் பட்டாளத்துக்குப் போவியா?

—அதெல்லாம் வந்து படிச்சுக்கலாம். மாடு எங்கேயும் ஓடிடாது.

—உனக்குக் கூச்சமா இருந்தா நீ வெளிய நில்லு. நான் மட்டும் உள்ள போறேன். நான் பேசி எது நடக்காம இருந்திருக்கு? பரீட்சையையே தள்ளி வைக்க வெச்சவ நான்.

—தெரியும் தாயே. அதான் பயமா இருக்கு. நீ போகாத.

—ஏன் போகக் கூடாது?

—போகாதன்னா போகாத.

—டேய், என் மூஞ்சியைப் பாரு. நேத்து காலையில நான் அந்த மெசேஜை எங்க நின்னு அனுப்பினேன் தெரியுமா?

—எனக்கு எப்படித் தெரியும்?

—மைதானத்து மதிலை ஒட்டி நின்னு. உங்க வீட்டுக்கு நேர் கீழ. வண்டி போடற சத்தத்துல காது கிழியுது. நிமிந்து பாத்தா, மொட்டை மாடியில நீ பல் தேச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கற.

—நானா? வேற யாராவது இருக்கும்.

—இந்தக் கழுத்து ஊர்ல வேற எவனுக்கு இருக்கு? என்னைப் பாத்து பிரஷ்ஷை வேற ஆட்டின. குழாய் இறங்கறதை நீ என் கூடத்தான் பாத்த. போர்னா எந்தப் போர்னு இந்த ஊர்லயே சரியாத் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்.

—பேனர் கீழயே கிடக்கு, தூக்கிக் கட்டலாம் வா.

—பேச்சை மாத்தாத. இவ்வளவு நேரம் கதை கதையா அவுத்து விட்டியே, இப்ப இதுக்கு ஒரு கதை சொல்லு பாப்போம்.

—உன்கிட்ட பொய் சொல்ல ஒரு தனித் திறமை வேணும்பா.

—என் தலையில எதுக்குடா பழியைப் போட்ட? ராத்திரி பூரா தூங்கியிருக்க மாட்டேன் தெரியுமா, உண்மையைச் சொல்லாமலே நீ பஸ் ஏறியிருந்தா?

—கோபப்படாம கேளு. அண்ணனுக்குப் பட்டாளத்துல சேரச் சொல்லி ஓலை வந்துடுச்சு. வர்ற மாசம் அவன் போகணும்.

—உங்க அண்ணனுக்கா? அண்ணிக்கு இந்த மாசம்தானே...

—ஆமா. டாக்டர் இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லியிருக்காங்க. ஒரு வீட்டுல ஒருத்தன் தானா முன்வந்து சேந்தா, இன்னொருத்தனைக் கூப்பிட மாட்டாங்க. அது சட்டம். முகாம்லயே எழுதிப் போட்டிருக்கு.

—அப்ப அண்ணனுக்காகப் போற.

—அப்படிச் சொல்லாத. எனக்கு என்ன, பொண்டாட்டியா புள்ளையா? காலேஜ் ரெண்டு வருஷம் காத்திருக்கும். பொறக்கப் போற குழந்தை அப்பன் வரட்டும்னு வளராம காத்திருக்குமா? சண்டையே வராதுன்னுதான் எனக்குத் தோணுது. வெயில்ல ஓட விடுவாங்க, மொட்டை அடிப்பாங்க, திருப்பி அனுப்பிடுவாங்க. வந்தாலும் பாத்துக்கலாம். எனக்கு என்னவோ தைரியமாத்தான் இருக்கு.

—அப்ப இதை வீட்டுல நேரா சொல்ல வேண்டியதுதானே? நல்ல காரியம்தானே செய்யற?

—சொன்னா அண்ணன் விடுவானா? என்னை முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து தான் ஏறிடுவான். தம்பி முட்டாத்தனமா மாட்டிக்கிட்டான்னா நாலு திட்டு திட்டிட்டு விட்டுடுவான். தனக்காகத் தம்பி போனான்னு தெரிஞ்சா, அவனால அந்தக் குழந்தையை நிம்மதியா மடியில வெச்சுக்க முடியாது. அதனாலதான் மெசேஜைப் பாத்து ஏமாந்துட்டேன், இனிமே வாபஸ் வாங்க முடியாதுன்னு வீட்டுல சொல்லிட்டேன்.

—உங்கம்மாகிட்டயும் அதேதானா?

—அம்மாகிட்டதான் முக்கியமா. உண்மை தெரிஞ்சா அம்மா என்ன செய்வாங்க சொல்லு? ‘நீ போகாத’ன்னு என்கிட்ட சொன்னா, ‘நீ போ’ன்னு அண்ணன்கிட்ட சொன்ன மாதிரி. ரெண்டு புள்ளைல ஒருத்தனைக் கையைக் காட்டுன்னு எந்த அம்மாவைக் கேக்கறது? இப்ப யாரும் யாரையும் கையைக் காட்டல. ஒரு பொண்ணு ஒரு வார்த்தையைச் சரியா எழுதல. அவ்வளவுதான்.

—அந்தப் பொண்ணு நான்!

—நீதான். நேத்து உன் மெசேஜ் வந்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு வாரமா என்ன சொல்லிட்டுப் போறதுன்னு மண்டையைக் குடைஞ்சுட்டு இருந்தேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி வந்துச்சு.

—வாய்ப்பே இல்ல. நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன். உங்கம்மா முகத்தைப் பாத்து எப்படிடா பொய் சொல்லுவேன்? ஆயுசுக்கும் அவங்க என்னைத் தெருவுல பாக்கற போதெல்லாம், இவளாலதான் எம்புள்ள போனான்னு நினைப்பாங்க.

—நான் திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லிடறேன்.

—வரலைன்னா?

—வருவேன் லீடர்.

—சொல்லுடா. வரலைன்னா?

—வரலைன்னா, நீ தாங்குவ. வகுப்புல யாராவது கண்ணாடியை உடைச்சாக்கூட முன்னாடி போய் நின்னு திட்டு வாங்கறவ நீ. அதுக்குத்தானே உன்னை லீடராப் போட்டோம்.

—உன்னைக் கொன்னுடுவேன்டா. சத்தியமா உன்னை எந்த எதிரியும் கொல்ல வேண்டாம், நானே கொன்னுடுவேன்.

—அழாத. நீ அழுது யாரும் பாத்ததில்ல, என் கண்ணு பட்டுடப் போகுது. இங்க பாரு, ஹெச்.எம். சர்டிபிகேட்டை இப்பவே தர்றேன்னு கூப்பிட்டிருக்கார். போய் வாங்கிட்டு வந்துடறேன். அம்மா என்னை பஸ் ஏத்த இங்க வருவாங்க. உன்னை ஏதாவது கேட்டா...

—எனக்கு எதுவும் சொல்லித் தராத. போ. சட்டைக் காலரைச் சரி பண்ணிட்டுப் போ.

—உண்மையைச் சொல்லிடுவியா?

—தெரியல. போடா.

—உள்ள யாரும்மா? எம்புள்ள சின்னவன் இருக்கானா? பஸ் ஏத்திவிட வந்தேன்.

—வாங்க அத்தை. இப்பதான் ஹெச்.எம். ரூமுக்குப் போனான். இப்படி உக்காருங்க. அதுல வேண்டாம், அது கால் உடைஞ்சது. இதுல உக்காருங்க.

—ஒத்தையாவா இவ்வளவு நாற்காலியும் போட்ட? கண்ணெல்லாம் ஏன் சிவந்திருக்கு?

—தூசி அத்தை. அத்தை, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

—சொல்லு கண்ணு.

—அது... நேத்து நான் ஒரு மெசேஜ் அனுப்பினேன். மைதானத்துல கிணறு தோண்டறதைப் பத்தி. அதை நான்... சரியா எழுதல. அதைப் படிச்சுட்டுத்தான் அவன் போய்ப் பேர் குடுத்துட்டான். தப்பு பூரா என் மேலதான் அத்தை. அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. என்னைச் சொல்லுங்க.

—அப்படித்தான் சொல்லச் சொன்னானா?

—இல்ல அத்தை! அதான் நடந்துச்சு.

—அந்தக் கதவைச் சாத்திட்டு இப்படிக் கிட்ட வா.

—அத்தை, அவன் வந்துடுவான்.

—வர்றதுக்குள்ள சொல்லிடறேன். நேத்து காலையில எனக்கு பஸ் வரல. தையல் கம்பெனிக்கு லேட்டாத்தான் போனேன், நான் வீட்டுல இருந்தது அவனுக்குத் தெரியாது. அந்த வண்டிக்காரப் பசங்க மதில் மேல எட்டிப் பாத்து, குடிக்கத் தண்ணி குடுங்கம்மான்னு கேட்டாங்க. குடத்தோட தூக்கிக் குடுத்தவளே நான்தான். எத்தனை அடி இறக்கியிருக்கீங்கன்னு மாடியில நின்னு அவங்களை விசாரிச்சவன் எம்புள்ள.

—அத்தை...

—பெரியவனுக்கு ஓலை வந்த அன்னைக்கே இவன் முகம் மாறிப்போச்சு. ராத்திரி சாப்பாட்டைப் பிசைஞ்சுட்டே உக்காந்திருப்பான். பெத்தவளுக்குத் தெரியாதா? முகாம்ல எழுதிப் போட்டிருக்கறதை நானும் படிச்சேன் கண்ணு. நான் வாயைத் திறந்தா பெரியவன் போவான். திறக்கலைன்னா சின்னவன் போவான். எந்த வாயை வெச்சு நான் பேசுவேன்?

—அப்ப அவன் சொன்னதை நீங்க நம்பவே இல்லையா?

—நேத்து ராத்திரி, ‘ஏமாந்துட்டேம்மா’ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அவனுக்கு நாக்கு நாலு தடவை குழறிடுச்சு. பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்ல. நம்பினேன்னு தலையை ஆட்டினேன். அப்பதான் ரெண்டு வாய் சோறு சாப்பிட்டான்.

—என்னால தாங்க முடியல அத்தை.

—தாங்கணும். உன்கிட்ட கேக்கறதுக்கு எனக்கு உரிமை இல்லதான். ஆனா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவன் கால் அந்த பஸ் படியில ஏறாது. ஏறாம அவன் வீட்டுக்கு வந்தா, பெரியவன் கால் ஏறும்.

—செருப்புச் சத்தம் கேக்குது. வர்றான்.

—கண்ணைத் துடை. நான் இப்ப உன்னைத் திட்டப் போறேன். கொஞ்சம் பலமாவே திட்டுவேன். மனசுல வெச்சுக்க மாட்டியே?

—வெச்சுக்க மாட்டேன் அத்தை. நல்லாத் திட்டுங்க.

—என்னம்மா, கதவைச் சாத்திட்டு உள்ள என்ன சத்தம்?

—வாடா, நீயே கேளு! ஏண்டி, பெரிய லீடர்னு பேரு வெச்சுக்கிட்டா போதுமா? கிணறுன்னு மூணு எழுத்து எழுதத் தெரியாதா உனக்கு? நீ மட்டும் அதை ஒழுங்கா எழுதியிருந்தா, எம்புள்ள இன்னைக்கு என்னை விட்டு எங்கேயும் போயிருக்க மாட்டான்டி!